ஐந்தாவது சான்றிதழுக்கு முன்னால் ஒரு செமிகோலன்

தம்பி, செக்யூரிட்டி வேலைக்கு எந்தச் சான்றிதழ் எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ரெஸ்யூமேயில் ஏற்கெனவே நான்கு இருக்கின்றன. ஐந்தாவதால் பெரிதாக எதுவும் மாறிவிடாது. நீங்கள் இணைத்திருந்த ப்ராஜெக்டைத்தான் நான் முதலில் திறந்தேன் (ஆலோசனை சொல்ல வருமுன் நானும் கோடு எழுதிப் பிழைத்தவன்தான்).

கிட்டில் (கோடின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் மென்பொருள்) ஒரு பிராஞ்சின், அதாவது கோடின் ஒரு கிளையின், பெயரை வாங்கி பில்ட் (கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் வேலை) ஓட்டும் டூல், நல்ல யோசனை. ஆனால் அந்தப் பெயரை 'கிட் செக்அவுட்' (அந்தக் கிளைக்கு மாறும் கட்டளை) என்பதோடு ஒட்டி, கட்டளையை ஷெல்லிடம் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் புரோகிராம்) தள்ளிவிடும் பைத்தானின் ஓஎஸ்.சிஸ்டத்திடம் அப்படியே கொடுத்திருக்கிறீர்கள். பெயர் 'மெயின்' என்று வந்தால் சிக்கலில்லை. 'மெயின்', ஒரு செமிகோலன், பிறகு ஃபைல்களை அழிக்கும் கட்டளை என்று வந்தால்? செமிகோலனோடு முதல் கட்டளை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, ஷெல் அடுத்ததையும் ஓட்டிவிடும். கமாண்ட் இன்ஜெக்ஷன் என்பது இதுதான். பில்ட் சர்வரில் டெப்ளாய் சாவிகளும் டோக்கன்களும் (மற்ற இடங்களுக்குள் நுழைய உதவும் ரகசியங்கள்) இருக்கும் என்பதால், அங்கே இந்த ஓட்டை விழுந்தால் சேதம் பெரிது.

பைத்தானிலேயே உள்ள சப்பிராசஸ்.ரன்னுக்கு மாறி, கட்டளையையும் பெயரையும் லிஸ்டாகத் தனித்தனியே கொடுங்கள். நடுவில் ஷெல் வராததால் செமிகோலன் வெறும் எழுத்தாகிவிடும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பெயர் ஹைஃபனில் தொடங்கினால் கிட் அதை ஆப்ஷன் (கட்டளை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) என்று நினைத்துக்கொள்ளும். 2017-இல் கிட்டே இப்படித்தான் மாட்டிக்கொண்டது: ரெப்போ (கோடு சேமித்திருக்கும் இடம்) முகவரியில் ஹோஸ்ட் பெயர், அதாவது சர்வரின் பெயர், ஹைஃபனில் தொடங்க, அந்த சர்வரோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச் புரோகிராம் அதை ஆப்ஷனாகப் படித்து, முகவரியை எழுதியவர் சொன்ன கட்டளையை ஓட்டியது. கிட்டைப் போன்ற மெர்குரியல், சப்வெர்ஷனிலும் அதே ஓட்டை இருந்தது. அந்தத் திருத்தங்களின் டிஃப் (எந்தெந்த வரி மாறியது என்ற பட்டியல்) பொதுவில்தான் கிடக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து படியுங்கள்.

கிட்ஹப் தளத்தில் பில்ட் போன்ற வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸையும் ஒரு கை பாருங்கள். இஷ்யூ (ப்ராஜெக்டில் மற்றவர்கள் பதியும் புகார்) தலைப்பை ரன் ஸ்கிரிப்டுக்குள் நேரடியாகச் செருகியிருந்தால், இஷ்யூ திறக்க முடிகிற எவரும் உங்கள் ரன்னரில் (அந்த வேலைகள் ஓடும் மெஷின்) கட்டளை ஓட்டலாம். தலைப்பை என்விரான்மென்ட் வேரியபிளில் வாங்கி, மேற்கோள் குறிக்குள் வைத்துப் பயன்படுத்தினால் போதும். சோதனையெல்லாம் சொந்த மெஷினில் மட்டும். அடுத்தவர் சர்வரில் கை வைத்தால் வேலைக்கு முன்னால் வழக்குதான் வரும்.

நேர்காணலில் "இந்த ஓட்டையை என் கோடிலேயே கண்டுபிடித்து, இப்படி அடைத்தேன்" என்று பத்து நிமிடம் பேசுகிற பையனை நானாக இருந்தால் விடமாட்டேன். அந்த வரியைத் திருத்தி, செமிகோலனுக்கு ஒன்று, ஹைஃபனுக்கு ஒன்று என இரண்டு டெஸ்ட் எழுதி அனுப்புங்கள். கோர்ஸுக்குப் பணம் கட்டுவதைப் பற்றி அப்போது பேசலாம்.