அம்மோனியா வாயு அமிலமா, காரமா? அதில் ஹைட்ராக்சைடே இல்லையே?

காரம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமானது.

தண்ணீரில் ஹைட்ராக்சைடு அயனியைத் தருவதுதான் காரம் என்பது அர்ஹீனியஸ் என்ற வேதியியலாளரின் விளக்கம். சோடியம் ஹைட்ராக்சைடுக்கு அது சரியாக வரும், அம்மோனியாவிடம் வந்தால் இடிக்கும்: ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான் அதன் சரக்கு. 1923-ல் பிரான்ஸ்டெட், லௌரி என்ற இரண்டு வேதியியலாளர்கள் தனித்தனியாக இதைச் சரி செய்தார்கள். புரோட்டானை (அதாவது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனை) வாங்கிக்கொள்வது எதுவோ அது காரம், விட்டுக்கொடுப்பது எதுவோ அது அமிலம். அம்மோனியாவின் நைட்ரஜனில் பிணைப்பில் சேராத ஒரு ஜோடி எலக்ட்ரான் இருக்கிறது, அதை வைத்துத் தண்ணீரிடமிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்கி அம்மோனியம் அயனியாகிவிடும், பறிகொடுத்த தண்ணீர்தான் ஹைட்ராக்சைடாக மிஞ்சும்.

அதனால்தான் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டச் சொல்கிறார்கள், ஹைட்ராக்சைடு உண்டானால் தாள் நீலமாகும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 700 லிட்டர் அம்மோனியாவை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் கரைந்ததில் புரோட்டான் வாங்குவது கொஞ்சம்தான், 0.1 மோலார் கரைசலில் 1.3 சதவீதம் போல. வலிமை குறைந்த காரம் என்பது இதைத்தான். (பாட்டிலில் 'அம்மோனியம் ஹைட்ராக்சைடு' என்று ஒட்டியிருப்பார்கள், அப்படி ஒரு பொருளைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது, பழைய பழக்கம்.)

தண்ணீர் இல்லாமலும் இந்தக் குணம் வேலை செய்யும். ஹைட்ரஜன் குளோரைடு வாயு பக்கத்தில் வந்தால் போதும், இரண்டும் சேர்ந்து வெள்ளைப் புகையாக நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) உண்டாகும். ஐஸ் பேக்டரிகளில் அம்மோனியா கசிகிறதா என்று பார்க்கக் கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாய் இணைப்புகள் ஓரமாகக் கொண்டு போவதும் இதே கதைதான், கந்தகம் எரிந்து வரும் அமில வாயு அம்மோனியாவைச் சந்திக்கிற இடத்தில் வெள்ளையாகப் புகையும்.

அப்புறம், யாரும் அதிகம் சொல்லாத ஒன்று: அம்மோனியா அமிலமாகவும் நடக்கும்! மைனஸ் 33 டிகிரிக்குக் கீழே திரவமாக்கி அதில் சோடியத்தைப் போட்டால் கரைசல் நல்ல நீலமாகிவிடும், துளி இரும்பு உப்பு சேர்த்தால் ஹைட்ரஜன் வெளியேறி சோடாமைடு (அம்மோனியாவின் ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் சோடியம் வந்த பொருள்) கிடைக்கும். இங்கே புரோட்டானை விட்டுக்கொடுப்பது அம்மோனியா. ஆனால் தண்ணீர் இருக்கிற இடத்தில் இதைப் பார்க்கவே முடியாது, சோடாமைடில் தண்ணீர் பட்டால் உடனே திரும்ப அம்மோனியாவாகிவிடும்.