காகம் வைத்திருந்தது வடையா? நீதிக்கதைப் படப் புத்தகங்கள்: கேள்வி பதில்

பழங்காலக் கிரேக்கக் கதைசொல்லி ஈசாப்பின் நீதிக்கதைகளுக்குப் படம் போட்ட பழைய பதிப்புகளைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, வால்ட்டர் கிரேன் படம் போட்ட ‘பேபீஸ் ஓன் ஈசாப்’ கிடைத்திருக்கிறது. 1887 என்று அச்சாகியிருக்கிறது. அசல்தானா?

அந்த வருடத்தை மட்டும் நம்பாதீர்கள். மறுபதிப்புகளில் பழைய தலைப்புப் பக்கத்தை அப்படியே போடுவதுண்டு. நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி, ஏதாவதொரு படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கிரேனின் படங்களை அச்சிட்டவர் லண்டனில் இருந்த எட்மண்ட் எவன்ஸ். மரக்கட்டையில் செதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தார். அதனால் அசலில் செதுக்கிய கோடுகளும் நிறத் திட்டுகளும்தான் தெரியும். சில இடங்களில் நிறம் கோட்டைத் தாண்டி லேசாக விலகியும் இருக்கும். இன்றைய ஆஃப்செட் அச்சு என்றால் சின்னச் சின்னப் புள்ளிகள் பூப்போலச் சேர்ந்து தெரியும்.

இதே சோதனையை ஓவியர் ஆர்தர் ராக்கமின் 1912 ஈசாப்பில் செய்து ஏமாறாதீர்கள். அதன் வண்ணப் படங்கள் அசலிலேயே புள்ளி அச்சுதான். அங்கே எண்ணிப் பாருங்கள்: 13 வண்ணப் படங்கள் இருக்க வேண்டும். குறைந்தால், யாரோ வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு விற்றிருப்பார்கள். அந்த வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

பக்கம் கிழிந்திருக்கிறது. செல்லோடேப் ஒட்டலாமா?

கூடவே கூடாது. அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும்.

என்னிடம் உள்ளது என்ன விலை போகும்?

நேரில் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன்.

ஐயா, காகம், நரி, வடை கதைக்குப் படம் போட்ட பழைய பஞ்சதந்திரம் எங்கே கிடைக்கும்?

அந்தக் கதை பஞ்சதந்திரத்தில் இல்லை, ஈசாப் பக்கத்தைச் சேர்ந்தது. பஞ்சதந்திரத்துக் காகங்கள் ஆந்தைகளோடு சண்டை போடும், பாம்பைக் கொல்ல வழி தேடும்.

அது எப்படி? வடை சுட்ட பாட்டி நம் கதை. வெள்ளைக்காரன் வடையை எடுத்துவிட்டுப் பாலாடைக்கட்டி வைத்துவிட்டான்.

இல்லை ஐயா. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கவிஞர் ஃபீட்ரஸ் லத்தீன் செய்யுளில் எழுதியபோதே பாலாடைக்கட்டிதான். பேயூ திரைச்சீலை என்னும் 11ஆம் நூற்றாண்டுத் துணியின் ஓரத்திலும் இந்த நரியும் காகமும் ஊசிவேலையில் இருக்கின்றன. இங்கிலாந்தில் காக்ஸ்டன் 1484இல் மரக்கட்டைப் படங்களோடு ஈசாப்பை அச்சிட்டார். பிரான்ஸில் கவிஞர் லா ஃபோன்டேன் இதே கதையை 1668இல் எழுதினார்.

இந்தியாவில் எதுவுமே இல்லையா? புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதையில் படித்த ஞாபகம்.

நல்ல கேள்வி, இதற்காகத்தான் காத்திருந்தேன். ஜாதகத்தில் நாவல் மரத்துக் காகத்தின் குரலை ஒரு நரி புகழ்கிறது. காகம் மகிழ்ந்து, கிளையை உலுக்கிப் பழம் உதிர்க்கிறது, பதிலுக்கு நரியையும் புகழ்கிறது. அங்கே வாயிலிருந்து எதுவும் விழவில்லை. இரண்டும் சொந்தக்காரக் கதைகள், ஒரே கதை அல்ல.

ஆனால் பாட்டி நம்முடையவள்தான். ஃபீட்ரஸில் காகம் ஒரு ஜன்னலிலிருந்து பாலாடைக்கட்டியைத் திருடுகிறது, அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. நம் ஊரில் அந்த இடத்தில் ஒரு பாட்டி அடுப்பு மூட்டி உட்கார்ந்துவிட்டாள். திருட்டுக் கொடுத்தவருக்கு ஒரு முகம் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அது. உங்களிடம் பாட்டி படம் உள்ள பழைய தமிழ்ப் புத்தகம் இருந்தால், அட்டை போயிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

லேமினேட் செய்யலாமா?

செல்லோடேப்புக்குச் சொன்னதேதான். வேண்டாம்.

சோவியத் தமிழ்ப் புத்தகங்கள்?

என் பக்கம் இல்லை. அவற்றையே சேர்ப்பவர்களைக் கேளுங்கள்.

1919 ஈசாப் ஒன்று இருக்கிறது, என்ன விலை?

விலை பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறேன். முதலில் எதைப் பார்ப்பது?

மைலோ வின்டர் படம் வரைந்த ஈசாப், சிகாகோவில் 1919இல் வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. காசு செலவழிக்கும் முன் அதைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள்.

அண்ணா, கிரேன் புத்தகம் பற்றிக் கேட்டவன். லென்ஸில் புள்ளிகள்தான் தெரிகின்றன.

அப்போது மறுபதிப்புதான், தம்பி. அதைப் போலி என்று ஒதுக்க வேண்டாம், படங்கள் கிரேனுடையவைதான். வீட்டில் குழந்தை இருந்தால் தாராளமாகக் கையில் கொடுங்கள். கிழித்தால் செல்லோடேப் மட்டும் வேண்டாம்.