பொலித்தீன் கட்டு மட்டும் ஒட்டுக்கன்றுக்குச் சாட்சியாகாது

கேள்வி: கடந்த மாதம் கொழும்பில் வீதியோரம் கன்று விற்பவரிடம் ஒட்டுக்கன்றுக்குரிய விலை கொடுத்து இரண்டு றம்புட்டான் கன்றுகளை வாங்கி, தெஹிவளையிலுள்ள எமது வளவில் நட்டேன். ஒன்றின் பொலித்தீன் கட்டை அவிழ்த்தபோது தண்டில் எந்த வெட்டுமே இல்லை. மற்றையதில் ஒட்டுக்கு மேலுள்ள பகுதி காய்ந்துவிட, கீழிருந்து புதுத்தளிர் வருகிறது. இவற்றை வைத்திருக்கலாமா? விற்றவரிடம் கேட்க எனக்கு உரிமை உண்டா?
– வாசகி, தெஹிவளை

பதில்: முதலாவது கன்று, விதையில் முளைத்த கன்றுக்குக் கட்டுப் போட்டு விற்கப்பட்டதாகவே தெரிகிறது. இரண்டாவதில் ஒட்டு பட்டுப்போய்விட்டது. இப்போது தளிர்ப்பது ஒட்டுக்கட்டை, அதாவது ஒட்டைத் தாங்கும் வேருள்ள அடிக்கன்று; அதுவும் விதைக்கன்றுதான். றம்புட்டானில் இந்த வேறுபாடு பாரதூரமானது. ஏனெனில், விதையில் வளரும் மரங்களில் ஏறக்குறைய பாதி ஆண் மரங்களாக அமைந்து, பூத்தாலும் காய்ப்பதில்லை. அதை அறிவதற்கே 5, 6 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இனி வாங்கும்போது கட்டைப் பார்க்காமல் தண்டைப் பாருங்கள். றம்புட்டானைப் பெரும்பாலும் அரும்பொட்டு முறையில் (நல்ல மரத்தின் அரும்பைப் பட்டைத் துண்டோடு எடுத்து ஒட்டுக்கட்டையில் பதித்து) உருவாக்குவதால், தண்டின் ஒரு பக்கத்தில் சிறு பட்டைத் துண்டு பதிந்த வடு இருக்கும். அதிலுள்ள அரும்பிலிருந்து கிளை சற்றுச் சாய்வாகப் புறப்பட்டிருக்கும். அதற்கு மேலே ஒட்டுக்கட்டையை வெட்டிய முனை தெரியும். ஆப்பு ஒட்டுச் செய்த (நல்ல மரத்தின் கிளைத்துண்டை ஆப்புப் போலச் சீவி ஒட்டுக்கட்டையின் பிளவில் செருகிய) மாங்கன்றில் ‘வி’ வடிவ வடுவும், அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறத்தில் வேறுபாடும் காணப்படும். ஒட்டுக்கு மேலே முற்றிய இலைகளுடன் குறைந்தது ஒரு தளிர்ப்பாவது இல்லாத கன்றை, விற்பவர் எவ்வளவு உறுதி கூறினாலும், வாங்காதீர்கள். மங்குஸ்தான் இதற்கு விலக்கு: அதன் விதை மகரந்தச் சேர்க்கையின்றியே உருவாவதால் விதைக்கன்றும் தாய்மரத்தையே ஒத்திருக்கும், ‘நல்ல இனம்’ என்ற காரணத்துக்காக அதன் ஒட்டுக்கன்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

உங்களுக்கு உரிமை நிச்சயமாக உண்டு. விற்பவர் அளித்த உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றி, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், வாங்கிய நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்தில் அழைத்தும் விசாரிக்கலாம். வெட்டில்லாத தண்டையும் அவிழ்த்த கட்டையும் இன்றே படமெடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டு உங்களிடம் இல்லாவிட்டால் முறைப்பாட்டை நிறுவுவது கடினமாகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. அடுத்த முறை அதில் ‘ஒட்டுக்கன்று’ என்ற சொல்லையும் இனத்தின் பெயரையும் எழுதித் தருமாறு கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையங்களிலோ, திணைக்களத்தில் பதிவுபெற்ற நாற்றுமேடைகளிலோ வாங்குவது இதைவிடப் பாதுகாப்பானது.

முறைப்பாடு முடியும்வரை இரண்டு கன்றுகளையும் பிடுங்கிவிடாதீர்கள். வேர் நன்றாகப் பிடித்திருந்தால் அவை ஒட்டுக்கட்டைகளாகப் பயன்படும். தண்டு பென்சில் பருமனை அடைந்ததும், நன்றாகக் காய்க்கும் மரமொன்றின் அரும்பை அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு ஒட்டுவித்து, ஒட்டுக்குக் கீழே வரும் தளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள்.