அழுதால் போதுமா?

கேள்வி: எங்கள் ஊரில் அண்மையில் திருநங்கைகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் போட்டார்கள். பலர் கண்கலங்கினார்கள். ஆனால் பின்பாதி முழுக்கச் சட்டம், போராட்டம், மனுக் கொடுப்பது என்றே போனது. அவர்கள் படும் கஷ்டத்தை மட்டும் காட்டியிருந்தால் இன்னும் மனதில் நின்றிருக்குமே?
— வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: யாருடைய மனதில்? கஷ்டத்தைக் காட்டினால் இரக்கப்பட்டுவிட்டு எழும்பிப் போய்விடலாம். மனுவைக் காட்டினால், அது யாரைப் பற்றிய முறைப்பாடு என்று பார்க்க வேண்டிவரும். அறை வாடகைக்குத் தராதவர், வேலைக்கு எடுக்காதவர், பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்ததும் எழும்பி நின்றவர். எல்லோரும் நம்மவர்கள்தான்.

மட்டக்களப்பில் இப்படியான திரையிடல்களில் படம் முடிந்து மைக் கைமாறியதும், வந்திருக்கும் திருநங்கையிடம் முதலில் கேட்கப்படுவது, "ஒப்பரேஷன் செய்தாச்சா?" என்பதுதான். சபையில் வேறொரு பெண்ணிடம் இப்படிக் கேட்க யாருக்காவது வாய் வருமா? கேட்பவர் படித்தவராகவும் இருப்பார் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, உங்களுக்குச் சலித்துப்போன பின்பாதிக்கு வருவோம். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அடையாள அட்டையை இரண்டாம் தரம் திருப்பிப் பார்த்தால் வயிறு கலங்குமே, மறந்திருக்க மாட்டீர்கள். அட்டையில் ஆண் பெயரோடு சேலை கட்டி வங்கிக்குப் போகிறவருக்கு இன்றைக்கும் அதே கலக்கம்தான். ஆள்மாறாட்டம் என்று தண்டனைச் சட்டக் கோவையின் 399ஆம் பிரிவைக் காட்டி மிரட்டலாம். ராத்திரியில் தெருவில் நின்றால், அலைந்து திரிவோருக்கென்று வெள்ளைக்காரன் 1841இல் போட்ட கட்டளைச் சட்டம் இருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு வழியாக 2016இல்தான் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வந்தது. மனநல மருத்துவரிடம் போய்ப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றால் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம், அப்புறம் அடையாள அட்டையை மாற்றலாம். நம் நாட்டுத் திருநங்கைகளும் திருநம்பிகளும் ஓடித்திரிந்து, கேட்டுக் கேட்டுத்தான் இந்த வழி திறந்தது. அந்த ஓட்டத்தை வெட்டிவிட்டுக் கண்ணீரை மட்டும் வைத்தால், படத்தில் அவர்களுடைய பாதி ஆயுளே இல்லாமல் போகும்.

திரையிடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தச் சான்றிதழை எங்கே, எப்படிப் பெறுவது என்று தமிழில் ஒரு பக்கம் அடித்து, வாசலில் எல்லோருக்கும் கொடுங்கள். கையை உயர்த்திக் கேட்க முடியாத பிள்ளை ஒன்று கூட்டத்தில் இருந்தால், அதற்கும் ஒரு பிரதி போய்ச்சேரும்.