துறைமுகமும் உள்ளூர் மன்றமும்

கேள்வி: பிரிட்டனில் சில துறைமுகங்களை உள்ளூர் மன்றங்களே நடத்துகின்றனவாமே! சாலையையும் குப்பையையும் பார்ப்பவர்களுக்குக் கடல் தெரியுமா?

பதில்: தெரிந்துதான் ஆகவேண்டும், சட்டம் அவர்களை விடாது. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்பே மன்றத்தைப் பாருங்கள்: டார்க்கீ, பெயின்டன், பிரிக்ஸம் ஆகிய மூன்று துறைமுகங்களும் அதன் பொறுப்பு. எந்தப் படகு எங்கே நிற்பது என்ற அன்றாட வேலையைத் துறைமுக அதிகாரி கவனிக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1847-ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டத்தின் 33-வது பிரிவு. கட்டணம் செலுத்தும் எவரும் துறைமுகத்தில் சரக்கை ஏற்றலாம், இறக்கலாம். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சே கிடையாது. எவ்வளவு பெரிய நியாயம்!

பாதுகாப்பில்தான் பொறுப்பு கனக்கிறது. 1996-இல் வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவன் துறைமுக வாயிலில் 'சீ எம்ப்ரஸ்' கப்பல் தரைதட்டி, சுமார் 72,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. அதன்பின் 2000-இல் துறைமுகக் கடல் பாதுகாப்பு நெறிமுறை வந்தது. அதன்படி பாதுகாப்புக்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பாளர்கள், மன்றம் நடத்தும் துறைமுகத்தில் பெரும்பாலும் மன்ற உறுப்பினர்களே. வேலையை அதிகாரியிடம் ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது. கடல் வற்றிய நேரத்தில் மீனவர் ஒருவர் கரைச்சுவரின் பாசி படிந்த இரும்பு ஏணியில் ஏறுகிறார், துருப்பிடித்த படி ஒன்று பெயர்கிறது என்று வையுங்கள். கடைசியாகப் பரிசோதித்தது எப்போது என்ற கேள்வி மன்றக் கூடம்வரை வரும், வரவும் வேண்டும்.

பணம்? துறைமுக வருமானத்தைத் தனிக் கணக்கில் வைப்பதே சரி என்பேன். பொதுநிதியில் கரைந்துபோனால் தூர்வாரவும் ஏணி மாற்றவும் காசிருக்காது.