வேலி இருவருக்கும்தான் போட்டார்கள்

வணக்கம் அக்கா,

நான் கிள்ளானில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு பார்க்கிறேன். வயது 34. முதலாளி சீனர், நல்ல மனிதர். அவருடைய தாத்தாவும் என் தாத்தாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் மலாயாவுக்குக் கப்பலில் வந்தவர்கள். அவர் தாத்தா ஈய லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், கூலி. என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. இன்று அவர்களுக்கு மூன்று கடைகள். நாங்கள் மலிவுவிலை அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மலாய்க்காரர் உள்ளிட்ட மண்ணின் மைந்தர்களுக்கான பூமிபுத்ரா சலுகை அவர்களுக்கும் கிடையாது, நமக்கும் கிடையாது. ஒரே மாதிரி வந்தோம், ஒரே மாதிரி ஒதுக்கப்பட்டோம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? நம் ஆட்களிடம் ஒற்றுமை இல்லை, சேமிப்பு இல்லை, குடியும் சினிமாவும்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மகளுக்கு அடுத்த ஆண்டு ஏழு வயது. சீனப் பள்ளியில் சேர்த்தால் அவர்களுடைய உழைப்பும் சிக்கனமும் அவளிடம் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றுகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் நீங்கள். என்ன சொல்கிறீர்கள்?

ம., கிள்ளான்

அன்புள்ள தம்பி,

பள்ளி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் மண்டரின் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் சீனப் பள்ளியில் சேருங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல தமிழ்ப்பள்ளி இருந்தால் அங்கே சேருங்கள். எனக்கு அதில்தான் சந்தோஷம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக மட்டும் சேர்க்காதீர்கள். தன் தாத்தா பாட்டி குறைபட்ட இனம் என்ற நினைப்பை ஏழு வயதுப் பிள்ளையின் புத்தகப்பையில் வைத்து அனுப்பக் கூடாது. அதை உங்களிடம் கேட்டுக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது 'ஒரே மாதிரி வந்தோம்' என்ற அந்த வரிக்காக. கொஞ்ச காலமாகவே இதைத்தான் படித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருக்கிறேன். ஒரே மாதிரி வரவில்லை, தம்பி.

உங்கள் முதலாளியின் தாத்தாவும் கடனில்தான் வந்திருப்பார். கப்பல் கூலியை யாரோ கட்டியிருப்பார்கள், அதை உழைத்துத் தீர்த்திருப்பார். லம்பத்தில் காய்ச்சல் வந்து செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அபின் அவர்களையும் தின்றது. அவர்கள் சுகமாக வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடன் தீர்ந்த அன்று அவர் போகலாம். அடுத்த லம்பத்துக்கு, பட்டணத்துக்கு, ஒரு சாப்பாட்டுக் கடைக்கு, இல்லை காட்டை வெட்டிக் காய்கறி போட. நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலியாக வந்தார்கள். 1910-இல் அது நின்ற பிறகு, ஊரிலிருந்து ஆள் திரட்டி வரும் கங்காணி வழியாக வந்தார்கள். வந்து இறங்கிய இடம் தோட்டம். வீடு தோட்டத்துடையது, கடை தோட்டத்துக்குள், கோவில் தோட்டத்துக்குள், பள்ளிக்கூடம் தோட்டத்துக்குள், கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள். சாலைக்கு வரவே பல மைல் நடக்க வேண்டும்.

கூலியைப் பாருங்கள். 1941-இல் கிள்ளானில், நீங்கள் இருக்கும் அதே ஊர்ப்பக்கத்தில், தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு நாளைக்கு 50 காசு, அப்புறம் 60 காசு என்று இருந்த கூலியைச் சீனத் தொழிலாளர் வாங்கும் அளவுக்கு உயர்த்தச் சொன்னார்கள். அதே ரப்பர் மரம், அதே கத்தி, அதே பால். சீனர்களுக்கு அதிகம், நமக்குக் குறைவு. சீனர்கள் சோம்பேறித்தனம் இல்லாதவர்கள் என்பதாலா? இல்லை. சீனருக்காகப் பேரம் பேச அவர்களுடைய ஒப்பந்தக்காரர் இருந்தார். கூலி போதாவிட்டால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நம் கூலியைத் தோட்ட முதலாளிகளும் அரசாங்கமும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில், தோட்டத்து வெள்ளைக்கார துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் ஒன்று. கள்ளுக்கடையை மூடுங்கள் என்பதும் ஒன்று. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு கொடுங்கள் என்பதும் ஒன்று. தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, சுட்டது, ஆட்கள் செத்தார்கள். குடியைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு இதுவே என் பதில். அந்த மக்கள் கள்ளுக்கடையை மூடச் சொல்லிக் கேட்டவர்கள். திறந்து வைத்திருந்தது யார் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

ஒற்றுமை என்றும் எழுதியிருக்கிறீர்கள். லாரூட் ஈய வயல்களில் கீ ஹின், ஹை சான் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து 1860களிலும் 70களிலும் வெட்டிக்கொண்டவர்கள் சீனர்கள்தான். அதை விடுங்கள். சினிமாவைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அது பேச்சே இல்லை.

இனத்தின் குணம்தான் காரணம் என்றால் யாழ்ப்பாணத் தமிழர்களுக்கு என்ன சொல்வீர்கள்? அவர்கள் பேசுவது தமிழ், கும்பிடுவது முருகன். அவர்கள் வந்தபோது கையில் ஆங்கிலப் படிப்பு இருந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷனரிகள் அதற்கு வெகு முன்பே பள்ளிகள் திறந்துவிட்டார்கள். இங்கே ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகத்திலும் தோட்டக் கிராணி (எழுத்தர்) நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். மாதச் சம்பளம், ஓய்வூதியம். பிள்ளைகள் பட்டணத்தில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள், வக்கீலாகவும் டாக்டராகவும் ஆனார்கள். ஒரே தோட்டத்தில் கிராணி வீட்டிலும் தமிழ், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலும் தமிழ். மூன்று தலைமுறை கழித்துப் பாருங்கள், இரண்டு குடும்பமும் எங்கே இருக்கிறது என்று. உங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமானால் முதலாளியின் தாத்தாவுக்கு முன்னால் இவர்களை வைத்துப் பாருங்கள்.

சரி, என் மனதில் உள்ளதற்கு வருகிறேன். எல்லாரும் படிப்பு, தொழில், சேமிப்பு என்று பேசுகிறார்கள். நான் வீட்டைப் பற்றிப் பேசுகிறேன். வீடும், அது நிற்கும் மண்ணும்.

1948-இல் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை அடக்க அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளுக்குக் காட்டோரக் குடியானவர்கள் அரிசி கொடுக்கிறார்கள் என்று பிரிட்டிஷ்காரர்கள் 1950-இல் பிரிக்ஸ் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஐந்து லட்சம் பேருக்கு மேல், பெரும்பாலும் சீனர்கள், லாரியில் ஏற்றிப் புதுக்கிராமங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பழைய குடிசைகளைக் கொளுத்தினார்கள். முள்வேலி, காவல் கோபுரம், ஊரடங்கு, வாசலில் உடல் சோதனை. அது சிறைதான். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் மாறுகிற சீனக் கிழவிகளை எனக்குத் தெரியும்.

அதே காலத்தில் தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து ஓரிடத்தில் கொண்டுவந்து சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். எங்கள் அம்மா அந்த வேலிக்குள்தான் வயதுக்கு வந்தார். விடிவதற்கு முன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்கும்போது, மதியச் சோற்றைக் காட்டுக்கு எடுத்துப் போகிறார்களா என்று பார்ப்பார்களாம். வேலி இருவருக்கும்தான் போட்டார்கள்.

1960-இல் அவசரகாலம் முடிந்தது. வேலியைப் பிடுங்கினார்கள். சீனர் குடும்பத்துக்கு உள்ளே ஒரு மனை இருந்தது. முதலில் தற்காலிக உரிமம், பிறகு 30 ஆண்டுக் குத்தகை என்று ஏதோ ஒரு காகிதம். அதைப் புதுப்பிக்க இன்றும் நில அலுவலகத்துக்கு அலைகிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் காகிதம். மனை சாலையோரத்தில் இருந்தது. பின்கட்டில் பன்றி வளர்த்தார்கள், தவ்வு (சோயாக் கட்டி) செய்தார்கள், முளைப்பயறு போட்டார்கள், முன்பக்கத்தில் சைக்கிள் பழுது பார்த்தார்கள். வீடே பட்டறை, வாடகை இல்லை. மகன் வேலை இழந்தால் வந்து படுக்க இடம் உண்டு. ஜின்ஜாங்கும் ஸ்ரீ கெம்பாங்கானும் அப்படி வேலிக்குள் பிறந்த ஊர்கள்தான். பட்டணம் வளர்ந்து அவற்றின் வாசலுக்கே வந்துவிட்டது.

லயத்தில் வேலியைப் பிடுங்கியபோது உள்ளே இருந்த எதுவும் நம்முடையது இல்லை. வேலை இருக்கிறவரை வீடு. வேலை போனால் வீடு காலி. வயதான அப்பா அம்மா லயத்தில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றால் வீட்டில் யாராவது ஒரு பிள்ளை தோட்டத்தில் வேலைக்குப் பெயர் போட்டே ஆக வேண்டும். எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆறாம் வகுப்போடு பால்வெட்டும் கத்தியைத் தூக்கினார்கள் தெரியுமா? என் வகுப்பிலேயே இருந்தார்கள். வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்லும் பையன், அப்பாவுக்கு இடுப்பு விழுந்ததும் மறுமாதம் பெரட்டில் நின்றான். பெயர் போடாவிட்டால் வீட்டைக் கேட்பார்கள். அவனைப் போய்ச் சேமிக்கத் தெரியாதவன் என்கிறீர்கள். எதை வைத்து அவன் கடன் வாங்குவான், எந்த இடத்தில் கடை போடுவான்?

எங்கள் தோட்டம் கெடாவில். அம்மா பதினாறு வயதில் பால்வெட்டுக்குப் பெயர் போட்டார், தோட்டம் கைமாறும்வரை பால் வெட்டினார். வீட்டுத் திட்டத்துக்கு விற்றுவிட்டார்கள் என்று ஒரு காகிதம் வந்தது. 1980-ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். அதைக் கொடுத்தார்கள். சட்டப்படி சரி. வீட்டுக்கு ஒன்றும் கிடையாது, ஏனென்றால் அது அவர் வீடு இல்லை. அவர் நட்ட முருங்கை, கறிவேப்பிலை, இரண்டு தென்னை, மாட்டுக் கொட்டகை எதற்கும் கணக்கு கிடையாது. மாடுகளைப் பாதி விலைக்கு விற்றார். மூன்றாம் மாடியில் மாடு கட்ட முடியுமா? பால் விற்ற காசில்தான் எனக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போகச் சட்டை தைத்தார். அடுக்குமாடிக்கு வந்த பிறகு அம்மாவுக்கு அந்த வருமானமும் இல்லை, காலையில் எழுந்து செய்ய வேலையும் இல்லை. அந்த நிலத்தில் இப்போது நிற்கும் ஒரு வீட்டை வாங்க, அம்மாவின் வாழ்நாள் சம்பளம் மொத்தமும் போதாது.

இது எங்கள் ஒரு தோட்டத்துக் கதை இல்லை. ஐம்பதுகளிலேயே வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள், வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஜிஸ் அதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் குறைந்தது. எண்பதுகளுக்குப் பிறகு நிலம் வீடாகவும் கோல்ஃப் திடலாகவும் ஆனது. 1956-இல் தொடங்கிய பெல்டா நிலத் திட்டத்தில் காடு அழித்து ரப்பர் போட ஆட்களைக் குடியேற்றினார்கள், சொந்த நிலத்தோடு. இந்த நாட்டில் ரப்பர் மரத்தை நன்றாக அறிந்த நம் மக்களில் மிகச் சிலருக்கே அதில் இடம் கிடைத்தது.

சலுகை இருவருக்கும் இல்லை என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் 1970-இல் அரசாங்கக் கணக்குப்படி நிறுவனப் பங்குகளில் சீனர் கையில் இருந்தது 27.2 விழுக்காடு, இந்தியர் கையில் 1.1. ஒதுக்கப்பட்ட அன்று ஒருவர் கடைக்குள் இருந்தார், இன்னொருவர் லயத்தில் இருந்தார். அதே ஆண்டு சராசரிக் குடும்ப வருமானம் மாதத்துக்குச் சீனருக்கு 394 வெள்ளி (ரிங்கிட்), இந்தியருக்கு 304, மலாய்க்காரருக்கு 172. இந்த 304-ஐக் காட்டி, இந்தியர் பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சராசரிக்குள் வக்கீல், டாக்டர், செட்டியார், யாழ்ப்பாணத்து அதிகாரி எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பால்வெட்டுக்காரர் மறைந்துபோனார். தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராமத்துக்கு வந்த தண்ணீரும் மின்சாரமும் வாசலோடு நின்றன.

துன் சம்பந்தனை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. அமைச்சராக இருந்துகொண்டே 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டுங்கள், துண்டு போடப்படும் தோட்டங்களை நாமே வாங்குவோம் என்று பேசினார். சேமிக்கத் தெரியாதவர்கள் என்று நீங்கள் சொன்ன அந்தக் கூலிக்காரர்கள் கட்டினார்கள், தம்பி! அந்தப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். அம்மாவின் பங்குச் சீட்டு என்னிடம் இருக்கிறது. சங்கம் எல்லாரையும் காப்பாற்றவில்லை, அது வேறு கதை. பிரச்சினை மண்தான் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் மறந்துவிட்டது.

உங்கள் முதலாளி மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் தாத்தா பட்டதும் பாடுதான். உங்கள் தாத்தாவை நீங்கள் அவர் முன்னால் கூனி நிற்க வைக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம்.

கடிதத்தில் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை நீங்கள். அம்மா இருக்கிறார்களா? இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தோட்டத்தின் பெயர் என்ன, எந்த டிவிஷன், லயத்தில் வீட்டு எண் என்ன, காலி செய்யச் சொன்ன காகிதம் எந்த ஆண்டு வந்தது, எவ்வளவு பணம் கொடுத்தார்கள், வீடு தருவதாக யாராவது வாக்குக் கொடுத்தார்களா, அது எழுத்தில் இருக்கிறதா. பழைய தகரப் பெட்டியில் சம்பளச் சீட்டு, சங்கத்துப் புத்தகம் ஏதாவது இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா