மைக்கேல் ஜாக்சனும் குவின்சி ஜோன்ஸும்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சனின் பாடல் தொகுப்புகளுக்குக் குவின்சி ஜோன்ஸ் இசைத் தயாரிப்பாளராக இருந்தார் என்கிறார்கள். இசைத் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவரா?

பதில்: இல்லை. திரைப்படத் தயாரிப்பாளரை மனத்தில் வைத்துப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. எந்தப் பாட்டை எடுப்பது, எந்தச் சுருதியில் பாடுவது, யாரை வாசிக்க அழைப்பது, பலமுறை பாடியதில் எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பவர் இவர். திரைத்துறையோடு ஒப்பிட்டால் இயக்குநருக்கே நெருக்கமானவர். 1979இல் வந்த 'ஆஃப் தி வால்' தொகுப்பின் பதிவின்போது குவின்சி பாடல்களின் சுருதியைச் சற்று இறக்கிவைத்தார். சிறுவனாக உச்சத்தில் பாடிப் பெயர் வாங்கிய மைக்கேலின் குரலில் இளைஞனின் முதிர்ச்சி தெரிய அது உதவியது.

கேள்வி: இருவருக்கும் கருத்து மாறுபட்டால் யார் சொன்னது நடந்தது?

பதில்: எப்போதும் ஒருவர் சொன்னதே நடந்ததில்லை. 'த்ரில்லர்' தொகுப்பில் உள்ள 'பில்லி ஜீன்' பாட்டின் முன்னிசை மிக நீளம் என்று குவின்சி கருதினார். அதைக் கேட்டால்தான் தனக்கு ஆடத் தோன்றுகிறது என்று மைக்கேல் சொன்னதும், ஆடுகிறவரே அப்படிச் சொன்னபிறகு மற்றவர்களுக்குப் பேச்சில்லை என்று அடங்கிவிட்டதாகக் குவின்சி பின்னாளில் நினைவுகூர்ந்தார். வெளிவந்த பாட்டிலும் குரல் நுழைவதற்குள் ஏறத்தாழ 30 விநாடிகள் ஓடிவிடுகின்றன. டிரம்ஸ் தனியாகத் தொடங்கி, பேஸ் சேர்ந்து, பிறகு கீபோர்டு வந்து இணையும் அந்த இடத்தை வெட்டியிருந்தால் பாட்டின் உயிரே போயிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அதே பாட்டுக்கு ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன், பதிந்த குரலையும் வாத்தியங்களையும் வெவ்வேறு அளவில் சேர்த்து 91 கலவைகள் செய்து பார்த்தார். கடைசியில் எடுத்துக்கொண்டது இரண்டாவதைத்தான்.

கேள்வி: 'த்ரில்லர்' முதலில் சரியாக அமையவில்லை என்கிறார்களே?

பதில்: உண்மைதான். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அளவுக்கு மீறி நிமிடங்களை அடைத்தால் ஒலியைத் தாங்கும் பள்ளங்கள் நெருங்கி ஒலி மெலிந்துவிடும்; முதலில் அவர்களுக்கு நேர்ந்தது அதுவே. எனவே சில பாடல்களைச் சுருக்கி, நாளொன்றுக்கு ஒரு பாட்டு வீதம் மறுபடியும் கலவை செய்தார்கள். தொகுப்பு 1982 நவம்பர் இறுதியில் வெளிவந்தது.

கேள்வி: பிறகு ஏன் பிரிந்தார்கள்?

பதில்: பாட்டு எழுதியவர் யார் என்ற கணக்கைப் பார்த்தாலே பெரும்பகுதி விளங்கும். 'ஆஃப் தி வா'லின் 10 பாடல்களில் மைக்கேலின் பங்கு 3. 'த்ரில்ல'ரில் 9க்கு 4. 1987இல் வந்த 'பேட்' தொகுப்பிலோ 11க்கு 9. தன் இசையைத் தானே வடிவமைக்கும் நிலைக்கு அவர் வளர்ந்திருந்தார். 1991இல் வந்த 'டேஞ்சர'ஸுக்குக் குவின்சியை விட்டு, டெடி ரைலி போன்ற இளைய தயாரிப்பாளர்களோடு சேர்ந்துகொண்டார்.

கேள்வி: முடிந்த பாட்டில் தயாரிப்பாளரின் கை எங்கே தெரியும்?

பதில்: 'ஷி இஸ் அவுட் ஆஃப் மை லைஃப்' பாட்டின் கடைசி வரியைக் கேளுங்கள். எத்தனை முறை எடுத்தாலும் அந்த இடத்தில் மைக்கேல் அழுதுவிட்டார். பிசிறில்லாத பதிவு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், அந்த உடைந்த குரலையே குவின்சி அப்படியே விட்டுவைத்தார்.